சுவருக்குக் காய்ச்சிய பசை

விட்டோரி பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பில் கைப்பிடி கழன்ற அலுமினியச் சட்டி. கோதுமை மாவு கட்டி தட்டாமல் இருக்க ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரொட்டிக்கே மாவைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற காலம் அது. ஆனால் இந்தச் சட்டிக்கு மட்டும் நெசவாலையின் கட்சிக் குழுவிலிருந்து வாரம் அரைக் கிலோ காகிதப் பையில் வந்துவிடும்.

எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் சமையலறை ஒன்றுதான். என் பீன்ஸ் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் அவள் பசை கொப்பளிக்கும்.

"இன்னைக்கு யாருக்குடி விருந்து?" என்று கேட்பேன்.

"சுவருக்கு. அதுக்குத்தான் வாரம் தவறாம பசிக்குதே."

சிரிப்போம். சுவரில் ஏறியது அடுத்தவள் பெயர் என்பதால் சிரிக்க முடிந்தது.

அதற்கு மின்னல்தாள் என்று பெயர். ஆள் உயரத் தாளில் ஒருவர் பெயரைப் பெரிதாகப் போட்டு, அவர் செய்த குற்றத்தை எழுதி, ஆலைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டிவிடுவார்கள். கீழே "தொழிலாளர்கள்" என்று இருக்கும். பெயர் வந்தவர் மூன்று நாளுக்குள் பக்கத்திலேயே பதில்தாள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் திமிர். நான் செய்யவில்லை என்று ஒட்டினால் அதைவிடப் பெரிய திமிர். செய்தேன், வெட்கப்படுகிறேன், திருத்திய தோழர்களுக்கு நன்றி என்று ஒட்டினால் பெரும்பாலும் தலை தப்பும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மழைக்குக் குடை எடுப்பதுபோலத் தெரிந்திருந்தது.

விட்டோரியின் அப்பா பழைய கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதியவர். ஏணி பிடிக்கப் போன பெண் தூரிகையும் பிடித்தாள். பிறகு கடைகளெல்லாம் அரசாங்கத்துடையதாயின. ரொட்டிக்கடைக்கு "ரொட்டி", காய்கறிக்கடைக்கு "காய்கறி", அவ்வளவுதான் பலகை. அப்பாவுக்கு வேலை போயிற்று. அவள் ஆலையில் சேர்ந்து துணிப் பொதிகளின் மேல் எண்ணும் ஊர்ப்பெயரும் எழுதினாள். 1967-இல் மதமே கூடாதென்று அல்பேனியா முழுவதும் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் பூட்டினார்கள். மின்னல்தாள்கள் மழையாய்ப் பொழிந்ததும் அந்த வருஷம்தான். கட்சிச் செயலாளர் ராகிப் ஒருநாள் பொதி மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தோழர் விட்டோரி, உங்க எழுத்து ஓடுறவனையும் நிறுத்திப் படிக்க வைக்கும். இது உங்க சொத்தில்ல, மக்கள் சொத்து."

மக்கள் சொத்தை ராகிப் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவளுக்கு ராத்திரி ஷிப்ட் நின்றது. மகள் மிமோசாவுக்குப் பக்கத்து ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், விடுதியோடு இடம் கிடைத்தது. விட்டோரியின் கணவர் பாண்டெலி ரொட்டித் தொழிற்சாலை லாரி ஓட்டுபவர். லாரி ஓட்டுநர் மகளுக்கு அந்த இடம் தானாக வராது என்று அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

ஒட்டிய தாள் இரண்டு நாள் கண்ணியமாக இருக்கும். அப்புறம் பசை புளித்து நாறும். ஈ மொய்க்கும். ஓரங்களை எலி நக்கும். ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் கிடங்குக்காரன் ஒருவனின் பெயரில் பாதியை எலி தின்றிருந்தது. நானும் அந்த நாற்றத்தில் நின்று மீதியைப் படித்தேன். தினமும் படித்தேன். படிக்காமல் கடந்துபோனால் அதையும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வரைவு ராகிப்பின் பென்சில் எழுத்தில் வரும். கீழே "இரண்டாம் நெசவுப் பிரிவுத் தொழிலாளர்கள்" என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். நான் அந்தப் பிரிவில் நெய்த துணியைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் மேஜையில் இருந்தேன். நான் எதற்குக் கொதித்துப்போயிருக்கிறேன் என்பதை வியாழக்கிழமை காலை சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

"ஏண்டி ஹாவா, நேத்து ரொம்ப ஆத்திரப்பட்டுட்டியாமே?" என்பாள் விட்டோரி, பசையைக் கிண்டிக்கொண்டே. "நீயும் முந்நூறு பேரும் ஒரே வாக்கியத்துல ஆத்திரப்பட்டிருக்கீங்க. கமா கூட மாறல."

ஆறு வருஷம் எழுதியதில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. வெளியே சொல்லமாட்டாள். சமையலறையில், குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சொல்வாள்.

"தாள்ல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பார்க்காத. இந்த வாரம் ஆலையில எது உடைஞ்சு கிடக்குன்னு பாரு. போன வருஷம் கொதிகலன் வெடிச்சுதே, அந்த வாரம் யார் பேர் வந்துச்சு?"

"சாயப் பிரிவுப் பையன். தலைமுடி வளர்த்தவன்."

"முடி வளர்த்தான், அது நெசம். ஆனா கொதிகலன் முடியாலயா வெடிச்சுது? ஒரு சொட்டு நெசத்தை எடுத்து நடுவுல வெச்சுக்குவாங்க. அதைப் பார்த்துத் தலையாட்டுறவன் சுத்தி இருக்கற எல்லாத்துக்கும் சேர்த்துத் தலையாட்டிடுவான்."

"தெரிஞ்சும் எழுதுறியே."

"தெரிஞ்சும் தலையாட்டுறியே," என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள்.

இப்போதும் அவள் இந்த ஊரில்தான் இருக்கிறாள். கட்சி ஆட்சி கவிழ்ந்த பிறகு புதிதாக முளைத்த காப்பிக் கடைகளுக்குப் பலகை எழுதிக் கொடுத்தாள், நல்ல பெயர். வெளியூரிலிருந்து வருகிற இளைஞர்கள் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "எங்களை ஏமாத்திட்டாங்க" என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாயில் அந்தப் புளித்த பசையின் சுவை வருகிறது. அவளை யாரும் ஏமாற்றவில்லை. ஆலையிலேயே ஏமாறாதவள் அவள் ஒருத்திதான்.

எர்மியோனி விஷயத்தைச் சொன்னால் புரியும்.

எர்மியோனி பாண்டெலியின் தங்கை. மலைக் கிராமத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள், கணவனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். என் பிரிவில்தான் தறி ஓட்டினாள். கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன், ஆனால் அவள் தறியிலிருந்து வந்த துணியில் என் மேஜைக்கு வேலை குறைவு.

1973 குளிர்காலம் முழுக்க நூல் கிடங்கின் கூரை ஒழுகியது. இரண்டு தடவை நான் புகார்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கூரை ராகிப்பின் பொறுப்பு. தகரம் வந்ததாகவும், அது ஆற்றங்கரையில் அவர் மைத்துனனின் கோழிக்கூண்டுக்குப் போனதாகவும் பேச்சு. தகரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் கோழிகள் நனையவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நூல் பூஞ்சை பிடித்தது. வசந்தத்தில் மூன்று ஷிப்டின் துணியிலும், எல்லாத் தறியிலும், ஒரே மாதிரிச் சாம்பல் புள்ளி. இரண்டு விரலால் இழுத்தால் கிழிந்தது. தலைநகரத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது.

அந்த ஏப்ரலில்தான் ஈஸ்டர். யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம், ஆனால் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு மாதம் முன்பிருந்தே வெங்காயச் சருகு சேரும். அதைக் கொதிக்க வைத்து முட்டைக்குச் சிவப்பேற்றுவார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, முட்டை ஓடுகளை அடுப்பில் போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் எர்மியோனி ஐந்து முட்டை சாயமேற்றினாள். சருகு சேர்த்துக் கொடுத்தவள் விட்டோரி. எங்கள் சமையலறை ஜாடியில் அது சேர்வதை நானே பார்த்தேன். முஸ்லிம் வீட்டுக்காரியான எனக்கும் ஒரு முட்டை வந்தது. விட்டோரி அதற்கு உப்பு வைத்துக் கொடுத்தாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பிள்ளைகளின் விரலைப் பார்ப்பார்கள். எர்மியோனியின் சின்னவன் நகத்தடியில் சிவப்பு இருந்தது.

புதன்கிழமை வரைவு வந்தது. விட்டோரி அதைச் சமையலறை மேஜையில் போட்டுவிட்டுச் சட்டியை அடுப்பில் வைக்காமல் நின்றாள். நான் படித்தேன்.

"தோழர் எர்மியோனி! உன் முட்டையின் சாயம் எங்கள் துணியைக் கறைப்படுத்துகிறது! ஜன்னலை மூடிக்கொண்டு மூடநம்பிக்கைக்குப் பணிவிடை செய்யும் கை, மக்களின் தறியை எப்படி நேர்மையாக ஓட்டும்? அழுகிய துணி அழுகிய மனத்திலிருந்து பிறக்கிறது. மூன்று நாளில் பதில் சொல்! - இரண்டாம் நெசவுப் பிரிவுத் தொழிலாளர்கள்."

முட்டை மட்டும் உண்மை.

பாண்டெலி வந்தார். அவரும் படித்தார். தன் தங்கையின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மிமோசாவுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம்தான?" என்று கேட்டார்.

விட்டோரி சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

எழுதும்போது அவள் குறை வைக்கவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பு. கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கலாம். அவசரமாக எழுதியிருக்கலாம். எர்மியோனியின் பெயரைச் சிவப்பில் எழுதி, ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்திலும் கீழே ஒரு வால் இழுத்தாள். அப்பாவின் பலகைகளில் இருந்த வால். அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எர்மியோனி எங்கள் சமையலறைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டுத் தாள்.

"அண்ணி, பதில் எழுதிட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

தாளில் எழுத்துகள் மேலும் கீழும் போயிருந்தன. "முட்டை சாயம் போட்டது நான். துணி நல்லா இல்லாதது நூல் ஈரமா இருந்ததால. ஹாவா அக்காவுக்குத் தெரியும்."

என் பெயரைப் பார்த்ததும் என் கை தானாகக் கரண்டியைத் தேடியது.

"இதை ஒட்டுனா உன்னைத் தோலுரிச்சுடுவாங்க," என்றாள் விட்டோரி. "நூலும் வேணாம், ஹாவாவும் வேணாம். வெட்கப்படுறேன்னு எழுதணும்."

"முட்டைக்கு வெட்கப்படுறேன். துணிக்கு எதுக்கு அண்ணி?"

"அடியே, பிழைக்கணும்னா ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வெட்கப்படணும். உக்காரு. நான் எழுதித் தர்றேன். உன் கோழிக் கிறுக்கலை யார் படிப்பா? ராகிப்புக்குப் பெரிய எழுத்துல வேணும்."

விட்டோரி அவளுக்கு உதவத்தான் நினைத்தாள். அதை நான் மறுக்கமாட்டேன். மனசு உறுத்தியிருக்கும், ஈடுகட்ட நினைத்திருப்பாள். புதுத் தாளை விரித்து, அதே தூரிகையால், அதே மையில், எர்மியோனியின் வாயிலிருந்து வந்ததுபோல ஒரு பதிலை எழுதினாள். ஆறு வருஷம் ராகிப்பின் வார்த்தைகளை எழுதியவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "என் அழுகிய மனத்தை எனக்குக் காட்டிய தொழிலாளர் கூட்டுக்குழுவின் தாய்மைக் கரங்களுக்கு நன்றி." கண்ணில் நீர் வர வைக்கும்படி இருந்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு தாளும் பக்கம் பக்கமாகச் சுவரில் இருந்தன. முதல் ஷிப்ட் உள்ளே வந்தது.  அப்புறம் நூல் சுற்றும் பிரிவின் கிழவர் ஒருவர், கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"என்னப்பா இது, சுவரே திட்டுது, சுவரே மன்னிப்புக் கேக்குது?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். எழுத்து ஒன்று, வால் ஒன்று, மை ஒன்று. முந்நூறு தொழிலாளர்களின் கோபத்தையும் ஒரு பெண்ணின் வெட்கத்தையும் ஒரே கை எழுதியிருந்தது. விட்டோரிதான் தாள்களை எழுதுகிறாள் என்று எல்லோருக்கும் எப்போதும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கண்ணுக்கு நேரே பார்ப்பது வேறு. சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. தறிகளுக்கு நடுவே ஒருத்தி இன்னொருத்தியிடம், "எனக்கும் ஒரு கோபம் எழுதித் தரச் சொல்லேன், ஞாயித்துக்கிழமை மாமியார் வர்றா" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் எங்களுக்கு வந்த ஒரே நேர்மையான உணர்ச்சி அதுதான்.

பத்து மணிக்கு இரண்டு தாளையும் கிழித்தார்கள். பதினொன்றுக்கு ராகிப் விட்டோரியைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் திங்கட்கிழமை கூட்டம். அங்கே சொல்லவேண்டியதை அவள் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். பென்சிலில், நாலு வரி. கூட்டுக்குழுவைக் கேலிக்குள்ளாக்க எர்மியோனி திட்டமிட்டு, உறவைக் காட்டி அழுது, தோழர் விட்டோரியை ஏமாற்றிப் பதிலை எழுத வைத்தாள். அவ்வளவுதான். இதைப் படித்தால் எர்மியோனி பிள்ளைகளோடு கடலோரச் சதுப்பில் இருக்கும் அரசுப் பண்ணைக்குப் போவாள். கொசுவும் மலேரியாக் காய்ச்சலும் உள்ள இடம். போனவர்கள் திரும்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. படிக்காவிட்டால், தானாகத்தான் எழுதிக் கொடுத்ததாக உண்மையைச் சொன்னால், மிமோசா அந்த வாரமே பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஞாயிறு மத்தியானம் சமையலறையில் விட்டோரி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹாவா, நாளைக்கு நீ எந்திரிச்சு நூல் கிடங்குக் கூரை ஒழுகுதுன்னு சொல்லுவியா? நீ ரெண்டு சீட்டு கொடுத்திருக்க. நீ சொன்னா நானும் சொல்றேன். ரெண்டு பேர் சொன்னா கொஞ்சம் கஷ்டம்தான் அவனுக்கு."

குழாயைத் திறந்துவிட அவள் மறந்திருந்தாள். நான் போய்த் திறந்துவிட்டேன். பீன்ஸில் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கவேண்டும். திரும்பியபோது அங்கே இல்லை.

கூட்டத்தில் அவள் நன்றாகப் படித்தாள்.  "உறவைக் காட்டி அழுது" என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராகிப் பண்ணைக்கு அனுப்பும் தீர்மானத்தைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். சனிக்கிழமை சிரித்த கிழவர் தூக்கினார். மாமியார் வருகிறாள் என்றவள் தூக்கினாள். நான் தூக்கினேன். துணியின் சாம்பல் புள்ளியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைநகரத்து ஆட்கள் வந்தார்கள், குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எர்மியோனி கூட்டத்தில் எழுந்து நிற்கவேண்டியிருந்தது, நின்றாள். பேசச் சொன்னபோது, "நான் பேசணும்னா யாராவது எழுதித் தரணும்" என்றாள். அதற்குச் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பண்ணைக்கு லாரி. காலையில் மூட்டை கட்ட உதவி செய்யலாம் என்று நானும் விட்டோரியும் அவள் அறைக்குப் போனோம். பாண்டெலி வரவில்லை, ரொட்டி லாரிக்கு டயர் மாற்றவேண்டும் என்றார். பெரியவள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் மெத்தைச் சுருளின் மேல் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றான். எர்மியோனி சாமான்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "வாங்க அண்ணி, வாங்க ஹாவா அக்கா, உக்கார நாற்காலி இல்ல, மூட்டையோட கட்டியாச்சு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லாதது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

விட்டோரி கொண்டுவந்த கம்பளியைப் பெட்டிமேல் வைத்தாள். கனமான கம்பளி, அவளுடைய சொந்தக் கல்யாணத்துக்கு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அங்க காத்து நல்லா இருக்கும்," என்றாள். "பிள்ளைங்க உடம்பு தேறும். நிலத்துல வேலை செஞ்சா மனசு சுத்தமாயிடும், எர்மியோனி. கூட்டுக்குழு யாரையும் கைவிடாது. நீ உன்னைத் திருத்திக்கிட்டன்னா தாய்மைக் கரம் நீட்டி உன்னைத் திரும்ப..."

 அவள் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எர்மியோனி ஒரு தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கேலியாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"அண்ணி, இப்ப பேசுறது நீங்களா?"

சின்னவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தான்.  விட்டோரியின் கழுத்தில் சிவப்பு ஏறியது. தோளிலிருந்து நழுவிய சால்வையை இழுத்துக்கொண்டாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். கட்டி வைத்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனாள்.